பெரியவர்கள் இரண்டு பேருக்குப் பத்து மிளகாய்

முதலில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது எங்கள் வீட்டு வாசற்கதவின் கைப்பிடியில் செத்த பறவைகள் இரண்டு தொங்கின. இரண்டு கழுத்தையும் சேர்த்து ஆரஞ்சு நிற நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

2. ஒன்று பெரியது. செம்பு நிற உடம்பு, பச்சைத் தலை, கண்ணைச் சுற்றிச் சிவப்புத் தோல், ஒரு முழத்துக்கு வால். இன்னொன்று சின்னது, காய்ந்த புல்லின் நிறம்.

3. இந்தத் தெருவில் நாங்கள் ஒரு குடும்பம்தான் இந்தியர்கள். யாரோ எங்களைப் பயமுறுத்தி விரட்டப் பார்க்கிறார்கள் என்று என் கணவர் ஸ்டீபன் முடிவு செய்தார். நான் அதோடு நிற்கவில்லை. எங்கள் சோமனூர்ப் பக்கம் வாசலில் செத்ததைக் கட்டித் தொங்கவிட்டால் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பொருள். நான் பொறியியல் படித்தவள் என்பது அந்த ஒரு நிமிடம் எனக்கே நினைவில்லை.

4. மகள் மீராவைப் பின்கதவு வழியாக உள்ளே கூட்டிப்போய்த் திரைச்சீலைகளை இழுத்து மூடினேன். அவளுக்கு நாலரை வயது. கதவில் யார் பொம்மை மாட்டினார்கள் என்று கேட்டாள்.

5. ஸ்டீபன் கையுறை போட்டுக்கொண்டு கயிற்றை அறுத்து, பறவைகளைக் கறுப்புப் பையில் போட்டு, பின்பக்கக் குப்பைத் தொட்டிக்குள் இறக்கினார்.

6. நான் டைரக்டரியில் காவல் நிலையத்தின் எண்ணைத் தேடி எழுதி வைத்தேன்.

7. கூப்பிடுவதற்குள் அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர், பாட் என்று பெயர். பள்ளி வேன் ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். பூட்ஸ் முழுக்கச் சேறு, கூடவே நனைந்த நாய். "கிடைத்ததா? உங்களுக்கென்று ஜோடியாகப் பார்த்து எடுத்து வந்தேன்" என்றார்.

8. ஸ்டீபன் பின்பக்கம் போய்க் குப்பைத் தொட்டியைத் திறந்தார்.

*

இந்த ஊர் இங்கிலாந்தின் வடக்கே ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. ஸ்டீபனும் நானும் ஒரே தொழிற்சாலையில் தண்ணீர்ப் பம்பு வடிவமைக்கிறோம். வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆறு வருடத்தில் சுற்றிலும் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருக்கிறோமே தவிர, யார் எதைச் சுடுகிறார்கள் என்று கேட்டதில்லை.

பாட் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து விளக்கினார். குளிர்காலச் சனிக்கிழமைகளில் பெரிய பண்ணைகளில் வேட்டை நடக்கும். புதரைத் தட்டிப் பறவைகளைக் கிளப்பிவிட ஆட்கள் வேண்டும். அவரும் அவருடைய நாயும் அந்த வேலைக்குப் போவார்கள். முடிவில் ஆளுக்கு ஒரு ஜோடி பறவை. அதை வேண்டியவர்களுக்குக் கொடுப்பதும், வீட்டில் ஆள் இல்லையென்றால் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவதும் இங்கே வழக்கம். கோயம்புத்தூரில் வாசல் கேட்டின் கம்பியில் கீரைக்கட்டை மாட்டிவிட்டுப் போவது போலத்தான்.

பறவையின் பெயர் ஃபெசன்ட். தமிழில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. காட்டுக்கோழி இனம், வாலில் மட்டும் மயிலுக்கு உறவுக்காரன்.

"பெண்ணை இரண்டு மூன்று நாளில் சமைத்துவிடலாம். ஆணை ஒரு வாரம் கராஜில் தொங்கவிடுங்கள், அப்போதுதான் ருசி ஏறும்" என்றார் பாட். ஒரு வாரம் தொங்கிய பறவையைச் சாப்பிடுவதைப் பற்றி எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் பெண் பறவையை எடுத்தோம். இறகு பிடுங்குவதற்கு நான் வெந்நீர் வைக்கப் போனேன். கராஜ் தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்த ஸ்டீபன் தடுத்தார்.

"சுடுதண்ணி வேண்டாம். காட்டுப் பறவைக்குத் தோல் கடுதாசியாட்டம். உரிஞ்சுக்கும். காஞ்சபடியே புடுங்கோணும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க தாத்தா கண்ணி வெச்சுக் கவுதாரி புடிப்பாரு, பண்ணாடிங்களுக்கு. சின்னதுல கூடப் போயிருக்கறேன்."

"அப்ப சமைக்கவும் தெரியுமா?"

சிரித்தார். "புடிக்கத் தெரியும். இறகு புடுங்கத் தெரியும். சமையல் மோட்டார் ரூமுக்குள்ள நடக்கும். நாங்க வெளிய நிப்போம்."

"அப்புறம்?"

"அப்புறம் வாசனை வரும்."

பிடுங்கிய இறகை ஊதிவிட்டபடி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். தலையும் குடலும் தாத்தாவுக்குக் கிடைக்கும் என்றும் சொன்னார். பண்ணாடி என்றால் தோட்டத்துச் சொந்தக்காரர். என் அப்பாவை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பெண் பறவையை நான் கெடுத்தேன். பாக்கெட் மசாலா, தக்காளி, கோவையிலிருந்து கொண்டுவந்த குக்கர், நான்கு விசில். திறந்தால் எலும்பு தனியே கழன்று கிடந்தது, நெஞ்சுக்கறி மட்டும் தேங்காய் நார் போல நின்றது. மீரா ஒரு வாய் வாங்கி, மென்று, மென்று, கடைசியில் கையில் துப்பி என்னிடம் கொடுத்தாள்.

கராஜில் ஆண் பறவை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எப்படிச் சமைப்பது என்று எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் என்னோடு பேசி ஏழு வருடம் ஆகியிருந்தது.

*

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் வீடுகளில் ஒரு முறை உண்டு. ஆட்டுக்கறி, நாட்டுக்கோழி எல்லாம் வீட்டு அடுப்பில் பெண்கள் சமைப்பார்கள். காட்டுப் பறவை மட்டும் வீட்டுக்குள் வராது. கௌதாரியோ காடையோ, கிடைத்தால் அது தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போகும். அங்கே அதற்கென்று ஓர் அலுமினியச் சட்டி, கரி பிடித்து, ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கும். ஆண்கள்தான் சமைப்பார்கள். முடிந்ததும் பம்புத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். "காட்டுல திரியற உசுரு என்ர அடுப்புக்கு வரக்கூடாது" என்பது அம்மாவின் சட்டம். அதனால் அம்மாவுக்கு இந்தச் சமையல் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

நான் சின்ன வெங்காயம் கொண்டுபோய்க் கொடுப்பேன். கதவருகே வாங்கிக்கொண்டு, பிறகு ஒரு கால் துண்டை வாழையிலையில் வைத்து அப்பா நீட்டுவார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது வனத்துறைக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, இனிமேல் பிடித்தால் வழக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு அப்பா நிறுத்திவிட்டார். இப்போது ரோட்டோரக் கடைகளில் கிடைக்கிற பண்ணைக் காடையை அவர் பறவையாகவே ஒத்துக்கொள்வதில்லை.

மோட்டார் ரூமுக்கு வெளியே யார் நின்றார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஆட்கள் நின்றார்கள் என்பது நினைவிருக்கிறது. ஒரு முகம்கூட நினைவில்லை.

கல்லூரி முடித்து, கோவை கணபதியில் பம்பு செய்யும் ஒரு பட்டறையில் வரைபடம் போடும் வேலையில் சேர்ந்தேன். ஸ்டீபன் அங்கே எனக்கு அடுத்த மேசை. அவினாசிக்கு வடக்கே ஓர் ஊர். அவருடைய அப்பா பள்ளி ஆசிரியர், அதற்கு முந்தைய தலைமுறைகள் எல்லாம் தோட்டக் கூலி. பதிவு அலுவலகத்தில் நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட அன்று என் அப்பா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதை இங்கே எழுத விருப்பமில்லை. அதன் பிறகு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் கூப்பிடுவேன். போன் கூடத்தில் இருக்கிறது. மணி அடித்ததும் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். அது அப்பா எழுந்து வாசலுக்குப் போகிற சத்தம். வாசலைத் தாண்டிப் போகமாட்டார், அவ்வளவுதான் என்று அம்மா சொல்வார்.

போன வருடம் குடியுரிமை விண்ணப்பத்தில் தந்தையின் பிறந்த தேதி கேட்டிருந்தது. அம்மா மூலமாகக் கேட்டேன். "எதுக்குங்கறாரு. வெவரத்தைச் சொன்னேன் அம்மணி. அங்கயே இருந்துக்கறாளான்னு கேட்டுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு" என்றார் அம்மா. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் படிவத்தை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

*

அடுத்த சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே மாலை நாலரை. பின்னணியில் பக்கத்துக் கொட்டகையின் விசைத்தறிச் சத்தம். வழக்கம்போல நாற்காலி நகர்ந்தது.

"என்ன கண்ணு, நாளைக்குத்தான கூப்புடுவ? ஒடம்பு செரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கறமுங்கம்மா. ஒரு பறவை கெடைச்சிருக்குது. எப்படிச் செய்யறதுன்னு கேக்கோணும்."

"என்ன பறவை?"

"ஃபெசன்ட்டுன்னு சொல்றாங்க. ஒடம்பு கோழியாட்டம். வாலு மயிலாட்டம் நீளம்."

அம்மா போட்ட சத்தம் தறியை அமுக்கியது. "மயிலா! அட முருகா, மயிலையா திங்கப் போறீங்க? அந்த ஊர்ல சோத்துக்கா பஞ்சம்?"

"மயில் இல்லீங்கம்மா."

"நீதான சொன்ன வாலு மயிலாட்டம்னு!"

அப்போது தூரத்திலிருந்து, வாசல் பக்கமிருந்து, ஒரு குரல் வந்தது. "மயிலில்ல. காட்டுக்கோழிச் சாதின்னு சொல்லு."

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தேன். அம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி, "காட்டுக்கோழிச் சாதியாமா" என்றார்.

"எப்படிச் செய்யறதுன்னு கேளுங்கம்மா."

"எப்படிச் செய்யறதுன்னு கேக்கறாளுங்க."

"சேவலா, பொட்டையா?" என்றது வாசல்.

"சேவலுங்கம்மா."

"சேவலாமா."

"கால்ல முள்ளு எவ்வளவு நீளம்னு கேளு."

நான் ஓடிப்போய் அலுவலகப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். தொங்கும் பறவையின் காலைப் பிடித்துப் பின்பக்க முள்ளை அளந்தேன். ஸ்டீபன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டார். அப்பா கேட்கிறார் என்றேன். அவர் கையிலிருந்த துணி நின்றுவிட்டது. நான் போனுக்கு ஓடிவந்தேன்.

"ஒம்பது மில்லிமீட்டருங்கம்மா."

"ஒம்பது மில்லியாமா."

"மில்லிக்கணக்கு சாராயத்துக்கு. வெரக்கடையில சொல்லச் சொல்லு." விரற்கடை என்றால் ஒரு விரலின் அகலம்.

"ஏனுங்க," என்று அம்மா பொறுமையிழந்தார், "அவ ஒண்ணு கேக்கறா, நீங்க ஒண்ணு கேக்கறீங்க. நடுவுல நின்னு கத்திக்கிட்டிருக்க என்னால ஆகாது. அடுப்புல பால் இருக்குது. வேணும்னா நீங்களே கேட்டுக்கங்க."

ரிசீவர் மேசையில் வைக்கப்படும் சத்தம். அம்மாவின் காலடி உள்ளே போனது. பிறகு தறி மட்டும்.

அடுப்பில் பால் இருந்ததா என்று நான் இன்றுவரை அம்மாவிடம் கேட்கவில்லை. அவர்கள் நான்கு மணிக்கே காப்பி குடித்து முடித்துவிடுவார்கள்.

தறி ஓடிக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். மீரா வந்து ரிசீவரில் காதை வைத்துப் பார்த்து, "ரயிலா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அப்போது மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது.

"வெரக்கடைல எத்தனை?"

எப்படி இருக்கிறாய் என்றோ யார் பேசுவது என்றோ இல்லை. ஏழு வருடத்துக்குப் பிறகு அப்பா என்னிடம் கேட்டது அதுதான்.

"அரை வெரக்கடைங்கப்பா."

"நுனி கூரா, மொழுக்கா?"

"மொழுக்குத்தானுங்க."

"அப்ப எளசு. முத்துனதுக்கு ஆணியாட்டம் இருக்கும். புடிச்சு எத்தனை நாளாச்சு?"

"ஒரு வாரமுங்க."

"ஒரு வாரமா! நாறிப்போயிருக்குமே?"

"இங்க குளிருங்கப்பா. கராஜே ஃபிரிஜ்ஜாட்டம்தான் இருக்குது. மோந்து பாத்தேன், ஒண்ணுமில்லீங்க."

"ம். எழுதிக்கறயா?"

எழுதிக்கொண்டேன். இப்போது அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். காட்டுப் பறவைக்குக் கொழுப்பு கிடையாது, அதனால் தண்ணீர் ஊற்றி வேகவைத்தால் கட்டையாகிவிடும். கால் வேறு, நெஞ்சு வேறு. "ரெண்டையும் ஒண்ணாப் போட்டயினா ஒண்ணு வேகும்போது இன்னொண்ணு வெறகாயிரும்." கடலை எண்ணெய் தாராளமாக. கறியின் பாதி எடைக்குச் சின்ன வெங்காயம், முழுசாக. மஞ்சள், உப்பு, விதை உதறிய வரமிளகாய், கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். தக்காளி கூடாது, மல்லித்தூள் கூடாது. முதலில் கால் துண்டுகள். சட்டிக்குள் சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல், மேலே குழித்தட்டை வைத்து, அந்தத் தட்டில் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். ஆவி மேலே போய்த் தட்டில் பட்டுக் குளிர்ந்து, கறியின் சாறு கறிக்கே சொட்டும். கால் முக்கால்வாசி வெந்த பிறகுதான் நெஞ்சுத் துண்டு. அது உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் அடுப்பை அணைக்க வேண்டும்.

வெப்பப் பரிமாற்றத்தில் நான் ஒரு பாடம் முழுக்கப் படித்ததை அப்பா ஒரு தட்டை வைத்துச் சொல்லி முடித்தார்.

"மொளகா எத்தனைங்கப்பா?"

"எத்தனை பேரு?"

அவர் அதை யோசித்துக் கேட்கவில்லை. சமையல் சொல்கிற யாரும் கேட்கிற கேள்வி. ஆனால் கேட்ட பிறகு அவருக்கும் அது என்ன கேள்வி என்று தெரிந்திருக்க வேண்டும்.

"மூணு பேருங்க," என்றேன்.

தறி ஓடியது. நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அவர் வைத்துவிட்டுப் போனால் போகட்டும், இதில் மட்டும் குறைத்துச் சொல்ல என்னால் முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

"குழந்தைக்கு மொதல்லயே ரெண்டு துண்டு தனியா எடுத்து வெச்சிரு," என்றார் அப்பா. குரல் கொஞ்சம் மெதுவாகியிருந்தது. "பெரியவங்க ரெண்டு பேருக்குப் பத்து மொளகா போதும். அந்தூர்க் காரம் எப்படின்னு தெரியல."

"செரிங்கப்பா."

"ஈயக்குண்டு இருக்கும். பல்லுல பட்டுச்சுன்னா போச்சு. குழந்தைக்குப் பிச்சுப் பாத்துக் குடு."

வைத்துவிட்டார்.

*

சின்ன வெங்காயமும் தேங்காயும் வாங்க முப்பது மைல் காரில் போய்வந்தோம். திரும்பி வந்ததும் நான் எழுதியதை ஸ்டீபனுக்குப் படித்துக் காட்டினேன். மிளகாய் வரிக்கு வந்தபோது நிறுத்தச் சொன்னார்.

"அப்படியேவா சொன்னாரு?"

"அப்படியே."

"பெரியவங்க ரெண்டு பேருக்குன்னா?"

"ஆமா."

வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி உரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் இருவது போடலாம்னு இருந்தேன். பத்துக்கு மேல ஒண்ணு வேண்டாம்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார், அதற்கு வெங்காயமும் காரணமாக இருக்கலாம்.

தட்டில் தண்ணீரை வைத்துச் சமைத்தேன். கறி மெத்தென்று இருந்தது. நெஞ்சுத் துண்டில் இரண்டு ஈயக்குண்டு கிடைத்தது. மீரா தன் பங்கைத் தின்றுவிட்டு, ஸ்டீபனின் தட்டில் இருக்கிற சிவப்புக் கறிதான் வேண்டும் என்றாள். ஒரு சின்னத் துண்டு தின்று, கண்ணில் தண்ணீர் வர, இன்னொன்று கேட்டாள். பாட் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது, "குழம்பு எங்கே என்று முதலில் தேடினேன். பிறகு தேடவில்லை" என்றார். அதற்கு அடுத்த சனிக்கிழமையிலிருந்து எங்கள் கைப்பிடி காலியாக இருந்ததே இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலி நகரவில்லை. அம்மா முதலில் பேசுவார், பிறகு, "பறவைக் கதை கேக்கறாரு" என்று கொடுப்பார். பறவையைத் தவிர அப்பா வேறு எதுவும் கேட்கமாட்டார். நானும் சொல்லமாட்டேன். இங்கே காட்டுப் புறா கிடைக்கிறது என்றேன்: நெஞ்சை மட்டும் எடுத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, இருப்புச் சட்டியில் இரண்டு புரட்டு, அவ்வளவுதான், அதற்கு மேல் தாங்காது என்றார். காட்டு வாத்து மீன் வாடை அடிக்கும், தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பூண்டும் புளியும் சேர்த்துக் குழம்பாகத்தான் வைக்க வேண்டும். முள் ஆணி போல நீண்ட கிழட்டு ஃபெசன்ட் ஒன்று வந்தபோது, கறி வேண்டாம், எலும்பைத் தட்டி மல்லி, மிளகு, சின்ன வெங்காயம் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு ரசமாகக் குடியுங்கள் என்றார். மீராவுக்கு அப்போது சளி. அது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

சிவப்புக் காலுள்ள ஒரு பறவையைப் பாட் கொண்டுவந்தபோது, அது கௌதாரி இனம்தான் என்று ஸ்டீபன் பார்த்ததும் சொன்னார். அன்று அப்பா கேட்டார், "இறகு ஆரு எடுக்கறது? தோல் கிழியாம இருக்குதா?"

"அவருதானுங்கப்பா. சுடுதண்ணி ஊத்தாமயே புடுங்கறாரு."

"ஆரு சொல்லிக் குடுத்தது?"

"அவங்க தாத்தாவுங்க. கண்ணி வெச்சுக் கவுதாரி புடிப்பாராமா."

அப்பா கொஞ்சம் இருமினார். "முழுசா மஞ்சளும் உப்பும் தடவிச் சுட்டுக்கங்க" என்று மட்டும் சொன்னார். அன்று மீரா ரிசீவரைப் பிடுங்கி, தாத்தாவைக் கூப்பிட நான் சொல்லிக்கொடுத்த 'அப்புச்சி'யை ஒரு தடவை சொல்லிவிட்டு, கால் துண்டு தனக்குத்தான் என்று கடகடவென ஆங்கிலத்தில் பேசினாள்.

"என்ன சொல்றா?"

"கால் அவளுக்குத்தானாமுங்க."

"எனக்குப் புரிஞ்சுதுன்னு சொல்லு."

*

பிப்ரவரி முதல் தேதிக்குப் பிறகு ஃபெசன்ட் சுடக்கூடாது. அது இங்கே சட்டம். அந்த வாரம் பாட் வெறுங்கையோடு வந்து, அடுத்து அக்டோபரில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அந்த ஞாயிறு வரை ஒரே யோசனை. இனி எதைக் கேட்பது? காட்டுப் புறாவைப் பற்றி இன்னொரு முறை கேட்கலாம். பொய்யாக ஒரு வாத்தைச் சொல்லலாம். ஸ்டீபனிடம் சொன்னேன். "பறவை இல்லீன்னு சொல்லிப் பாரு" என்றார்.

பறவை இல்லை என்று சொன்னேன். "சீசன் முடிஞ்சுதுங்கப்பா. இனி அக்டோபருக்குத்தானாமா."

"அப்படியா," என்றார். "குஞ்சு பொரிக்கற காலம். விட்டுத்தான் ஆகோணும்."

அன்று அங்கே மின்வெட்டு போலிருக்கிறது, தறிச் சத்தமும் இல்லை. சரிங்கப்பா, அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவரு இருக்காரா?" என்றார் அப்பா.

நான் ரிசீவரை நீட்டினேன். ஸ்டீபன் மீராவின் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். யார் என்று கண்ணால் கேட்டார். தெரிந்ததும் எழுந்து நின்றார். ஊசி இன்னும் ஒரு கையில் இருந்தது.

"சொல்லுங்க," என்றார். பிறகு நான் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.

"ஆமாங்க. அவினாசிக்கு வடக்கால."

"இல்லீங்க, குதிரை வால் முடிலதானுங்க. நைலான் அப்புறம் வந்ததுங்க."

"கூண்டுல ஒண்ணு வெச்சிருந்தாருங்க. அது கூப்புட்டா மத்தது வருமுங்க."

பிறகு ஸ்டீபன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார்.

"இல்லீங்க," என்றார் கடைசியில். இன்னும் ஒரு முறை, மெதுவாக, "இல்லீங்க. குடுக்கலீங்க."

ரிசீவரை வைத்தார். உட்கார்ந்து பித்தானை எடுத்தார். நூலைக் கோர்க்க இரண்டு மூன்று முறை முயன்றார். நான் கோர்த்துக் கொடுத்தேன்.

"என்ன கேட்டாரு?"

"கண்ணி எதுல செய்வாருன்னு கேட்டாரு."

"கடைசியா?"

"எங்க தாத்தாவுக்குப் பங்கு ஒழுங்காக் குடுத்தாங்களான்னு கேட்டாரு."

"இல்லீன்னதுக்கு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் புடிச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் வெச்சுட்டாரு."

இதை நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியும். அச்சில் வந்தால் படிப்பார். அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாரா என்பது அவர் விருப்பம்.

இன்றைய தேதியில் நிலவரம் இது. அப்பா என்னோடு பன்னிரண்டு ஞாயிறு பேசியிருக்கிறார், ஸ்டீபனோடு ஒரு முறை. எங்களை ஊருக்கு வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாளை மறுநாள் ஞாயிறு. இந்த வாரம் ஸ்டீபன் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.